உழாமல் புல் விதைப்பு: ஆட்டுப்பண்ணைக்கு லோன் போடுறதுக்கு முன்னாடி ஒரு 6,000 ரூபாய் சோதனை



"அண்ணா, ஊர்ல 2 ஏக்கர் மானாவாரி நிலம் சும்மா கிடக்கு. 3 லட்சம் பர்சனல் லோன் போட்டு 20 ஆடு வாங்கி விடலாம்னு இருக்கேன். அப்பா பார்த்துப்பார். சரியா வருமா?"

போன வாரம் ஒரு தம்பி கேட்டது. ஓசூரில் வேலை, கையில் வர்ற சம்பளம் 32,000. சொந்த ஊர் தாராபுரம் பக்கம். நான் அவரைத் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்த 2 ஏக்கர்ல வருஷத்துக்கு எத்தனை கிலோ புல் வரும்?"

பதில் இல்லை. ஆட்டு விலை தெரியும், ஷெட் விலை தெரியும், லோன் வட்டி தெரியும். புல் கணக்கு மட்டும் தெரியாது. ஆனா இந்தத் தொழில்ல லாபமா நஷ்டமான்னு முடிவு பண்றது அந்த ஒரு கணக்குதான். அதை டிராக்டர் இல்லாம, உழாம, குறைந்த செலவில் எப்படித் தெரிஞ்சுக்கறதுன்னு இந்தப் பதிவில் பார்ப்போம்.

முதலில் லோன் கணக்கு

3 லட்சம், 14% வட்டி, 36 மாதம். இ.எம்.ஐ. சுமார் 10,250 ரூபாய். மொத்தம் கட்டுவது சுமார் 3,69,000. இதுவரைக்கும் எல்லாரும் கணக்குப் போடுறாங்க.

இனி தீவனம். வளர்ந்த ஆடு ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 4 முதல் 5 கிலோ பசுந்தீவனம் வேணும். 4 கிலோன்னே வைப்போம். 20 ஆட்டுக்கு நாளைக்கு 80 கிலோ, மாதம் 2,400 கிலோ, வருஷத்துக்கு சுமார் 29 டன். பசும்புல்லைக் கிலோ 5 ரூபாய்க்கு வெளியே வாங்குறீங்கன்னு வைங்க. (இது கணக்குக்காக. உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க.) மாதம் 12,000 ரூபாய்.

அதாவது தீவனச் செலவு இ.எம்.ஐ.யை விட அதிகம்! இரண்டும் சேர்த்து மாதம் 22,250. 32,000 சம்பளத்தில் மிச்சம் 9,750. அதில்தான் ஓசூர் வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம்.

"ஆடு விற்ற காசு வருமே"ன்னு கேட்பீங்க. வரும், ஆனா உடனே வராது. ஆட்டுக்குச் சினைக்காலம் 5 மாதம். பிறந்த குட்டி விற்பனைக்கு வர இன்னும் 6 முதல் 8 மாதம். முதல் ஒரு வருஷம் உங்க சம்பளம்தான் ஆட்டுக்குச் சோறு போடணும். மேய்ச்சலில் பாதி கிடைச்சாலும் மீதிப் பாதி உங்க பாக்கெட்டில் இருந்துதான் போகும். இ.எம்.ஐ. 36 மாதத்தில் முடிஞ்சிடும். ஆட்டுக்கு வயிறு தினமும் பசிக்கும்.

அதனால வரிசையை மாத்துங்க. முதல்ல புல், அப்புறம் ஆடு, கடைசியா தேவைப்பட்டால் மட்டும் லோன்.

ஏன் உழாமல்?

ஊரில் சொன்னால் சிரிப்பாங்க. அப்பாவே "உழாம விதைச்சா ஒரு முளை வராது"ன்னு சொல்லலாம். நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் அவர் சொல்றது சரி. மேய்ச்சல் புல் கதை கொஞ்சம் வேற.

காங்கயம், தாராபுரம், கரூர் பக்கத்துக் கொறங்காட்டைப் பாருங்க. கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுத்தி முள்கிளுவை உயிர்வேலி. அந்தக் காட்டை வருஷா வருஷம் உழுவதில்லை. புல் தானே விதை உதிர்க்குது, மழைக்குத் தானே முளைக்குது. பல வருஷத்துக்கு ஒருமுறை உழுது விதைப்பதும் உண்டு, இல்லைன்னு சொல்லல. ஆனா அடிப்படை வேலையைச் செய்யறது மழையும் விதையும் ஆட்டுக் குளம்பும்தான்.

பண விஷயமாகப் பார்த்தால் மூணு காரணம்.

ஒன்று, ரிஸ்க். உழவு மழைக்கு முன்னாடி செய்ற செலவு. மழை ஏமாத்தினால் அந்தக் காசு திரும்ப வராது. 2 ஏக்கருக்கு 2, 3 சால் ஓட்டினால் மணிக்கு 1,200 என்று வைத்தாலும் 5,000, 6,000 போயிடும். கால் ஏக்கருக்கு மட்டும் கூப்பிட்டால், சீசன் நேரத்தில் டிராக்டர்காரர் வரவே யோசிப்பார்.

இரண்டு, களை. உழும்போது அடியில் தூங்கிட்டு இருக்கிற களை விதையும் மேலே வந்து முளைக்கும். உங்க புல் முளைக்கும் முன்னாடி அது இடத்தைப் பிடிச்சுக்கும்.

மூன்று, மண். மானாவாரி மேட்டு நிலத்தில் உழுத மேல்மண் ஒரு பெருமழையில் அடிச்சிட்டுப் போகும், காற்றிலும் பறக்கும். உழாத மண்ணை ஏற்கனவே இருக்கிற வேர் பிடிச்சு வைக்கும்.

குறையும் இருக்கு. உழாமல் விதைத்தால் முளைப்பு குறையும். முதல் வருஷம் புல் திட்டுத் திட்டாகத்தான் நிக்கும். அதுக்காகத்தான் விதையைக் கொஞ்சம் கூடப் போடுறோம், அவசரப்படாம இருக்கிறோம்.

கால் ஏக்கர் சோதனை: என்ன விதை, எவ்வளவு?

2 ஏக்கர் முழுக்க வேண்டாம். 25 சென்ட் போதும். கிட்டத்தட்ட 1,010 சதுர மீட்டர்.

மானாவாரிக்கு ஏற்ற ஜோடி கொழுக்கட்டைப் புல்லும் முயல்மசாலும். புல் வயிற்றை நிரப்பும். முயல்மசால் பயறு வகை என்பதால் புரதம் தரும், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். ஓரத்தில் ஒரு வரிசை வேலிமசால் போடலாம். குதிரைமசால் வேண்டாம், அதுக்குத் தண்ணீர் பாய்ச்சணும்.

பரிந்துரை அளவு ஹெக்டேருக்குக் கொழுக்கட்டை 6 முதல் 8 கிலோ, தூவி விதைக்கும் முயல்மசால் 10 கிலோ. 25 சென்டுக்கு அது முறையே சுமார் 800 கிராம், 1 கிலோ. நாம் உழாமல் விதைக்கிறதால கொழுக்கட்டையை 1.25 கிலோவாக வைங்க. எறும்பும் குருவியும் அதுங்க பங்கை எடுத்துக்கும்.

விதை வாங்கும்போது ரெண்டு விஷயம் கவனிங்க.

கொழுக்கட்டை விதை புதுசா இருக்கக் கூடாது. அறுவடை செய்த விதை 6 முதல் 8 மாதம் உறக்கத்தில் இருக்கும், போட்டாலும் முளைக்காது. "எப்ப அறுத்த விதை?"ன்னு கேட்டு வாங்குங்க.

முயல்மசால், வேலிமசால் இரண்டுக்கும் தோல் கெட்டி. தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, 4 நிமிஷம் ஆறவிடுங்க. சூடு சுமார் 80 டிகிரிக்கு வரும். அதில் விதையைப் போட்டு 5 நிமிஷம் கழித்து வடிகட்டுங்க. ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டு, நிழலில் உலர்த்தி, உடனே விதைங்க. புல் விதைக்கு இதைச் செய்யாதீங்க, வெந்து போயிடும்.

வேளாண் அறிவியல் நிலையம், வேளாண் பல்கலைக்கழகத்தின் தீவனப் பயிர்கள் துறை போன்ற இடங்களில் முதலில் கேளுங்க. எங்கே வாங்கினாலும் 100 விதையை ஈரத்துணியில் வைத்து 10 நாள் பாருங்க. 30கூட முளைக்கலைன்னா அந்த விதையை நம்பி நிலத்துக்குப் போக வேண்டாம்.

எப்படி விதைப்பது: லீவு கணக்கோடு

நீங்க வேலையில் இருக்கீங்க, நினைச்ச நாள் போக முடியாது. நல்லவேளையா நம்ம ஊர் மழையும் பண்டிகை லீவும் ஓரளவு ஒத்துப்போகும்.

1. ஆவணி, புரட்டாசியில்: அந்த 25 சென்டில் இருக்கிற பழைய புல், செடி எல்லாத்தையும் நல்லா மேயவிடுங்க. முடிஞ்சா 3, 4 ராத்திரி ஆட்டுப் பட்டி போடச் சொல்லுங்க. தெற்கே இதை ஆட்டுக்கிடைன்னு சொல்வாங்க. குளம்பு மேல்தரையை உடைக்கும், புழுக்கையும் மூத்திரமும் உரம். ஒரு எச்சரிக்கை: சீமைக்கருவேல நெற்று தின்ற ஆட்டின் புழுக்கையில் அந்த விதை உயிரோட வரும். கிடை எங்கே மேய்ந்து வருதுன்னு கேட்டுக்கோங்க. இல்லைன்னா புல்லுக்குப் பதிலா சீமைக்கருவேல் விதைச்ச மாதிரி ஆயிடும்.

2. கடப்பாரைச் சோதனை: ஒரு நல்ல மழைக்கு அடுத்த நாள் கடப்பாரையைக் கையால் குத்திப் பாருங்க. ஒரு சாண் இறங்கினால் உழாமல் விதைக்கலாம். ரெண்டு விரல் இறங்கி "டங்"னு நின்றால் அந்த இடத்துக்கு இந்த முறை சரிவராது. இடத்தை மாத்துங்க.

3. விதை உருண்டை: கொழுக்கட்டை விதை பஞ்சு மாதிரி லேசு, தூவினால் காற்று அடுத்த காட்டுக்குக் கொண்டு போயிடும். சலித்த செம்மண்ணும் தூள் சாணமும் கலந்து, தண்ணீர் தெளித்து, சுண்டைக்காய் அளவு உருட்டி, நிழலில் ஒரு நாள் காய விடுங்க. ஜப்பானில் மசனோபு ஃபுகுவோகா உழாத வயலில் களிமண் உருண்டைக்குள் விதையை வைத்துப் பிரபலப்படுத்தினாரே, அதே வேலைதான். உருட்ட நேரம் இல்லைன்னா ஈர மணலோடு பிசறித் தூவுங்க.

4. ஆயுத பூஜை லீவில் விதைப்பு: முதல் தூறலுக்கு ஏமாறாதீங்க. முளைச்சு வந்து பத்து நாள் வெயிலில் காய்ந்தால் மொத்தமும் போச்சு. மண்ணில் ஒரு சாண் ஈரம் இருக்கணும், அடுத்த மழைக்கும் அறிகுறி இருக்கணும். களைக்கொத்தால் ஒன்றரை அடி இடைவெளியில் லேசா கோடு கீறி, அதில் போடுங்க. ஆழம் அரை அங்குலம் போதும். இந்த விதைங்க சின்னது, ஆழத்தில் புதைத்தால் மேலே வராது.

5. மூடுவது: ஒரு முள்கிளையைக் கட்டி நிலத்து மேல ஒருமுறை இழுங்க. இல்லைன்னா ஆடுகளை ஒரு தடவை குறுக்கே ஓட்டிவிடுங்க. காய்ந்த இலைதழை இருந்தால் தரை தெரியுற அளவுக்கு மெல்லிசா பரப்பலாம்.

6. வேலி: இதில்தான் நிறையப் பேர் தோற்பாங்க. முளைத்த புல்லை ஒரே நாளில் பக்கத்து வீட்டு ஆடு முடிச்சிடும். முள் அடைப்பு போடுங்க. அதே மழையில் கிளுவைக் குச்சியோ கிளைரிசிடியாக் குச்சியோ ஓரம் முழுக்க ஊன்றிவிட்டால் சில வருஷத்தில் உயிர்வேலி ரெடி.

செலவு எவ்வளவு?

உங்க ஊர் கூலி, விலை மாறும். ஒரு மாதிரி பட்ஜெட்:

- விதை: 1,500
- 2 ஆள், ஒரு நாள் கூலி: 1,400
- முள் அடைப்பு, வேலிக் குச்சி: 1,500
- பட்டி போட்டவருக்கு, சாணத்தூள்: 400
- ஊருக்குப் போய்வர 2 தடவை: 1,400

மொத்தம் 6,200. ஒரு மாத இ.எம்.ஐ.யை விடக் குறைவு. மழை ஏமாத்தினாலும் இழப்பு இதுக்கு மேல போகாது. இதை லோன், கிரெடிட் கார்டு எதிலும் போடாதீங்க. எமர்ஜென்சி ஃபண்டையும் தொடாதீங்க. 4, 5 மாதம் தனியா எடுத்து வைத்தால் சேர்ந்துடும்.

பொங்கல் லீவில் எடை போடுங்க

கொழுக்கட்டைப் புல் விதைத்து 70, 75 நாளில் முதல் அறுப்புக்கு வரும். ஆயுத பூஜையில் விதைத்தது பொங்கலுக்குத் தயார். அதுவரை ஒரு ஆட்டையும் உள்ளே விடக் கூடாது.

கயிற்றால் 1 மீட்டருக்கு 1 மீட்டர் சதுரம் கட்டுங்க. நல்ல இடம், மோசமான இடம் கலந்து 5 இடத்தில் வைத்து, தரையில் இருந்து 4 விரல் உயரம் விட்டு அறுத்து, எடை போட்டுச் சராசரி எடுங்க. மீதிப் புல்லில் பாதியை மட்டும் அறுங்க. பாதியை விதை உதிர விட்டுடுங்க, அது அடுத்த வருஷத்துக்கான முதலீடு.

சராசரி 500 கிராம் வந்ததுன்னு வைப்போம். 25 சென்ட் முழுக்க ஒரு அறுப்பில் சுமார் 500 கிலோ வரும்னு அர்த்தம். கோடை மழைக்குப் பிறகு இன்னொரு அறுப்பு அதே அளவு வந்தால் வருஷத்துக்கு 1 டன்.

இப்ப அந்தத் தம்பியோட கணக்குக்கு வருவோம். 25 சென்டுக்கு 1 டன்னா 2 ஏக்கருக்கு 8 டன். ஒரு ஆட்டுக்கு வருஷத்துக்கு 4 × 365 = 1,460 கிலோ. 8,000-ஐ 1,460-ஆல் வகுத்தால் 5 ஆடு, கொஞ்சம் மிச்சம்.

அவர் வாங்க நினைத்தது 20 ஆடு! அந்த 29 டன்னுக்கு இதே விளைச்சலில் 7 ஏக்கருக்கு மேல வேணும். மீதி 15 ஆடும் வெளி மேய்ச்சலையும் அவர் சம்பளத்தையும் நம்பித்தான் நிற்கும். இந்த உண்மை 6,200 ரூபாயில் தெரிவது நல்லதா, 3 லட்சம் கடனுக்கு அப்புறம் தெரிவது நல்லதா?

உங்க நிலத்தில் 1 கிலோ சராசரி வரலாம், 200 கிராமும் வரலாம். யூடியூப்ல சொல்ற நம்பர், நான் சொல்ற நம்பர் எதையும் எடுத்துக்காதீங்க. உங்க தராசு சொல்றதை மட்டும் நம்புங்க.

"கம்பு நேப்பியர் போட்டால் ஏக்கருக்கு 150 டன் வருமாமே?"

வரும்னு சொல்றது நல்ல தண்ணீர், உரம், சரியான நேரத்தில் அறுப்பு எல்லாம் இருக்கிற நிலத்துக்கு. கிணற்றில் வருஷம் முழுக்கத் தண்ணீர் இருந்தால் 10 சென்டில் முயற்சி பண்ணலாம். இதுக்கும் உழவு கட்டாயம் இல்லை. 60 செ.மீ.க்கு 50 செ.மீ. இடைவெளியில் கடப்பாரையால் குழி போட்டு, எரு வைத்து, இரண்டு கணு உள்ள கரணையை நடுங்க. 10 சென்டுக்கு சுமார் 1,350 கரணை பிடிக்கும். 75, 80 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 45 நாளுக்கு ஒருமுறை. 3 வரிசை நேப்பியருக்கு 1 வரிசை வேலிமசால் கலந்தால் தீவனம் சமமாக இருக்கும்.

150 டன் கணக்கில் 10 சென்டுக்கு 15 டன். பட்ஜெட் போடும்போது பாதியை எடுங்க. நாளைக்கு 20 கிலோ, அதாவது 5 ஆடு. மானாவாரியில் 5, இதில் 5. ஒரு ரூபாய் கடன் இல்லாம 10 ஆட்டுக்குத் தீவனம் ரெடி. தண்ணீர் இல்லாத நிலத்தில் நேப்பியரைத் தொடாதீங்க.

மானியம், வருமான வரி: சுருக்கமாக

தேசிய கால்நடை இயக்கத்தில் 50% மூலதன மானியம் இருக்கு, உண்மைதான். ஆனா ஆட்டுப்பண்ணைக்கு அது 100 பெட்டை, 5 கிடா என்ற யூனிட்டில் ஆரம்பிக்குது. 20 ஆட்டுக்கு அது கிடைக்கும்னு நம்பி லோன் போடாதீங்க.

அடுத்து வரி. "விவசாயம்தானே, வரி இல்லை"ன்னு நினைப்பாங்க. ஆடு வளர்த்து விற்கிற லாபம், பால் விற்கிற லாபம் வருமான வரிச் சட்டப்படி விவசாய வருமானம் ஆகாது. அது தொழில் வருமானம். சம்பளத்தோடு சேர்த்துக் காட்டணும், வழக்கமாகப் போடுற ஐ.டி.ஆர்-1 படிவம் அதுக்குச் செல்லாது. ஆடு உங்க பேரில் இருந்தாலும் அப்பா பேரில் இருந்தாலும், வாங்கினது விற்றது ஒரு நோட்டில் எழுதி வைங்க.

கடைசியா

அந்தத் தம்பி லோன் விண்ணப்பத்தைத் தள்ளி வெச்சிருக்கார். அப்பாவை உழாமல் விதைக்கச் சம்மதிக்க வைக்கறதுதான் கஷ்டமா இருந்ததாம். "2 ஏக்கரையும் கேட்கலப்பா, அந்த மேட்டுப் பக்கம் கால் ஏக்கர் மட்டும் குடுங்க, வரலைன்னா அடுத்த வருஷம் நீங்க உழுதுக்கோங்க"ன்னு சொன்னதும் ஒத்துக்கிட்டாராம். நீங்களும் அப்படியே கேட்டுப் பாருங்க. நிலத்தைப் பற்றி நம்மை விட அவங்களுக்கு நிறையத் தெரியும். கூடவே உட்கார்ந்து எடை போட்டால், அடுத்து எத்தனை ஆடு வாங்கறதுன்னு வீட்டில் சண்டையே வராது.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். அப்பாவுக்கு போன் போட்டு, ஊரில் பசும்புல் கிலோ என்ன விலை, நிலத்தில் எந்தப் பக்கம் புல் தானா நல்லா வருதுன்னு கேளுங்க. பதிலைக் கமெண்ட்ல போடுங்க. உங்க நம்பரை வைத்தே அடுத்த வீடியோவில் கணக்குப் போடலாம்.